முள்ளுக்கும் மழலைப் பருவம் உண்டு

நர்சரியில் வாங்கிய கேக்டஸை யார் வேண்டுமானாலும் வளர்க்கலாம். விதையிலிருந்து வளர்க்கத் தேவை ஒரு பழைய இட்லிப் பானை, ஒரு பிளாஸ்டிக் டப்பா, சில வருடப் பொறுமை. பாலைவனச் செடியின் குழந்தைப் பருவம் பாலைவனத்துக்கு நேர் எதிரானது.

திருச்சானூர் தாமரையின் ஊர். பத்ம சரோவரத்தில் பூத்த தங்கத் தாமரையில் பத்மாவதித் தாயார் தோன்றினார் என்கிறது தலபுராணம். கார்த்திகை பிரம்மோற்சவத்தின் கடைசி நாளான பஞ்சமி தீர்த்தத்தன்று அந்தக் குளத்தில் ஒரு முழுக்குப் போட லட்சக்கணக்கில் கூட்டம் கூடுகிறது. தண்ணீரில் நிற்கும் பூவுக்குப் பேர்போன ஊரில் தண்ணீரே கேட்காத செடியைப் பற்றிப் பேசுவது விசித்திரமாகத் தோன்றலாம்.

ஆனால் குளக்கரையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தால் வடக்கே தெரிவது சேஷாசலம்: செம்பாறை, முட்புதர், அனல். மே மாதத்தில் திருப்பதி வட்டாரத்தில் வெயில் 40 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். யாத்ரீகர்களுக்கான விடுதிகளும் அடுக்குமாடிக் குடியிருப்புகளுமாக நெருங்கிவிட்ட திருச்சானூரில் தோட்டம் என்று மிஞ்சியிருப்பது பெரும்பாலும் மொட்டைமாடிதான். மே மாத கான்கிரீட் தளத்தில் வெறுங்காலை வைக்க முடியாது. ரோஜா கருகும், துளசிக்கு இரண்டு வேளை தண்ணீர் வேண்டும். ஒரு வாரம் ஊருக்குப் போய்த் திரும்பினாலும் உயிரோடு இருக்கும் செடி எது என்று தேடுகிறவர்கள் கடைசியில் வந்து நிற்பது கேக்டஸிடம்.

வந்து நிற்பவர்களில் பெரும்பாலோர் நர்சரியோடு நின்றுவிடுகிறார்கள். பச்சைத் தண்டின் உச்சியில் சிவப்போ மஞ்சளோ பந்து வைத்தாற்போல ஒரு செடி, சின்னத் தொட்டியோடு கைக்கு வருகிறது. இரண்டு வருடத்தில் பந்து சுருங்கிப்போனால் "கேக்டஸ்கூட நம் வீட்டில் பிழைப்பதில்லை" என்ற அலுப்பு. உண்மையில் அது ஒரு செடியே அல்ல, இரண்டு. மேலே இருக்கும் பந்தில் பச்சையம் கிடையாது. தனக்கான உணவைத் தானே தயாரித்துக்கொள்ள முடியாது. கீழே இருக்கும் டிராகன் பழக் கொடியின் துண்டு அதற்கும் சேர்த்து உழைக்கிறது. அந்த ஒட்டுக் குடித்தனம் சில ஆண்டுகள்தான் தாங்கும்.

சுவாரசியம் என்னவென்றால், அந்தச் சிவப்புப் பந்தே ஒரு விதைத் தட்டில் பிறந்ததுதான். 1940களின் தொடக்கத்தில் ஜப்பானிய நர்சரிக்காரர் எய்ஜி வதானபே விதைத்து முளைக்கவைத்த ஆயிரக்கணக்கான நாற்றுகளில் ஓரிரண்டு மட்டும் பச்சைக்குப் பதில் சிவப்பாக எழுந்தன. அப்படியே விட்டிருந்தால் சில வாரங்களில் செத்திருக்கும். அவற்றை வேறொரு கேக்டஸின் தண்டில் ஒட்டுக்கட்டினார். இன்று உலகெங்கும் விற்பது அவற்றின் சந்ததி. விதையிலிருந்து வளர்ப்பதன் கவர்ச்சி இதில் இருக்கிறது. வெட்டி நட்ட துண்டு தாய்ச்செடியின் நகல். விதையில் வருவது ஒவ்வொன்றும் தனி ஆள். ஒரே காயின் விதைகளை விதைத்தாலும் ஒன்றுக்கு முள் நீளம், ஒன்றுக்குக் குட்டை, இன்னொன்று நிறம் வேறு.

கள்ளி வேறு, கேக்டஸ் வேறு

தமிழில் முள்ளும் சதையுமாக இருப்பதெல்லாம் கள்ளி. தெலுங்கிலும் அதே கதைதான். "ஜெமுடு" என்றால் எல்லாம் அடங்கிவிடும். தாவரவியல் இதை ஒப்புக்கொள்வதில்லை. பாலை நிலத்திலும் சுடுகாட்டிலும் நிற்பதாகச் சங்கப் பாடல்கள் காட்டும் கள்ளி இந்த மண்ணின் செடி, ஆமணக்கின் உறவு. சதுரக்கள்ளி, இலைக்கள்ளி எல்லாம் அந்த வகை. கீறினால் பால் வடியும். கள்ளிப்பால் என்றதும் உசிலம்பட்டி வட்டாரப் பெண் சிசுக்கள் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியாது. அந்தப் பால் கேக்டஸில் இல்லை (மாமில்லேரியா இனத்தில் சிலவற்றுக்குப் பால் உண்டு, அது வேறு சங்கதி). கேக்டஸின் அடையாளம், முள் கிளம்பும் இடத்தில் இருக்கும் பஞ்சு மெத்தை போன்ற சிறு புள்ளி. அந்தப் புள்ளி இருந்தால் அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. சுமார் 1,500 வகைகளில் ஒன்றே ஒன்று மட்டும் ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும் இயற்கையாகக் காணப்படுகிறது. முள்ளே இல்லாமல் மரக்கிளையிலிருந்து நூல் நூலாகத் தொங்கும் அதைப் பார்த்து யாரும் கேக்டஸ் என்று சொல்லமாட்டார்கள்.

சேஷாசலத்தின் பாறைச் சந்துகளில் கேக்டஸ் மாதிரியே இன்னொரு செடியும் உண்டு. தமிழில் கள்ளிமுளையான், பசியை அடக்கும் என்று பச்சையாகத் தின்பார்கள். தெலுங்கில் அதற்குப் பெயர் "குந்தேட்டி கொம்முலு", அதாவது முயல் கொம்புகள். தமிழில் முயற்கொம்பு என்றால் இல்லாத பொருள்; எல்லையைத் தாண்டினால் அது சமைத்துத் தின்னும் காய்கறி.

அமெரிக்கக் கேக்டஸ் இங்கே வந்த கதைக்கும் சென்னைக்கும் சம்பந்தம் இருக்கிறது. கொச்சினீல் என்ற பூச்சியிலிருந்து கிடைக்கும் சிவப்புச் சாயத்தில் ஸ்பெயின் கொழித்துக்கொண்டிருந்த காலம் அது. மதராஸில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், அந்தப் பூச்சிக்குத் தீனி போடச் சைதாப்பேட்டையில் சப்பாத்திக்கள்ளித் தோட்டம் ஒன்று வைத்தார். 1795-இல் கேப்டன் நீல்சன் என்பவர் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்குப் பூச்சியைக் கொண்டுவந்து சேர்த்தார். வந்தது மட்டமான காட்டு ரகம். சாயம் தேறவில்லை. ஆனால் தின்னக் கொடுத்த கள்ளியைத் தின்று தீர்ப்பதில் குறை வைக்கவில்லை. ஒரு களையை ஒரு பூச்சி அழித்த முதல் சம்பவமாக அறிவியல் நூல்கள் இதைச் சொல்கின்றன. பின்னர் தென்னிந்தியக் காடுகழனிகளில் வேறொரு சப்பாத்திக்கள்ளி பரவித் தொல்லை கொடுத்தபோது, 1926-இல் இலங்கையிலிருந்து இன்னொரு ரகக் கொச்சினீல் தருவிக்கப்பட்டது. சில ஆண்டுகளில் பல்லாயிரம் ஹெக்டேர் கள்ளிக்காடு காலியானது.

கேக்டஸ் வளர்ப்பவர்களின் ஜென்ம விரோதியான மாவுப்பூச்சி இந்தக் கொச்சினீலின் நெருங்கிய சொந்தம்.

கமலம் என்ற கேக்டஸ்

முதல் விதைக்கு எங்கும் போகவேண்டியதில்லை. பழக்கடையில் கிடைக்கும் டிராகன் பழம் ஒரு கேக்டஸின் கனி. கமலாப்பூவைப் போல இருக்கிறது என்று சொல்லி 2021 ஜனவரியில் குஜராத் அரசு அதற்குக் "கமலம்" என்று பெயர் சூட்டியது. அந்தப் பெயருக்குத் திருச்சானூரைவிடப் பொருத்தமான ஊர் ஏது? வெள்ளைச் சதைக்குள் எள்போல் தெரியும் கறுப்புப் புள்ளிகள் அத்தனையும் விதை. ஒரு கரண்டிச் சதையைத் தேநீர் வடிகட்டியில் போட்டுக் குழாயடியில் தேய்த்துக் கழுவ வேண்டும். வழவழப்பு துளிகூட ஒட்டியிருக்கக் கூடாது. இனிப்பு இருந்தால் பூசணம் வரும். காகிதத்தில் உலர்த்தி எடுத்தால் நூறு விதையாவது தேறும். ஒரு வாரம், பத்து நாளில் முளைத்துவிடும். விவசாயிகள் இந்த வழியில் போவதில்லை. தண்டை வெட்டி நட்டால் ஓரிரு வருடத்தில் காய்க்கும்போது, விதை போட்டுப் பல வருடம் காத்திருப்பானேன்? ஆனால் கைப்பழக்கத்துக்கு இதைவிட மலிவான பாடம் கிடையாது. பிற்பாடு ஒட்டுக்கட்டவும் அந்த நாற்று உதவும்.

இந்தப் பாடத்தில் தேறியபிறகு மாமில்லேரியா, அஸ்ட்ரோபைட்டம், ஜிம்னோகேலிசியம் என்று போகலாம். இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. இணையக் கடைகளில் நீலம், ஊதா, ரோஜா நிறக் கேக்டஸ் படங்களைப் போட்டு விதை விற்கிறார்கள். அப்படிப்பட்ட செடிகள் உலகில் இல்லை. படத்தில் மட்டும்தான் நிறம்; உறையில் வருவது பல நேரங்களில் கேக்டஸ் விதையாகக்கூட இருப்பதில்லை. வெளிநாட்டிலிருந்து தபால் உறையில் ரகசியமாக வரவழைப்பதும் வேண்டாத வேலை. இந்தியாவுக்குள் விதை கொண்டுவர இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றும் வேண்டும். உள்நாட்டில் விதை எடுத்துப் பகிர்ந்துகொள்ளும் ஆர்வலர்கள் இருக்கும்போது அந்த வம்பு எதற்கு?

விதை கையில் வந்ததும் பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு ஒன்றே. பாலைவனச் செடி என்பதால் வறண்ட மணலில் விதைத்து, வெயிலில் வைத்து, எப்போதாவது தண்ணீர் தெளிக்கிறார்கள். ஒன்றுகூட முளைக்காது. முளைத்தாலும் ஒரே மத்தியானத்தில் காய்ந்துவிடும்.

பாலைவனத்திலேயே கேக்டஸ் குழந்தைகள் வெயிலில் வளர்வதில்லை. அரிசோனாவின் ராட்சச சவாரோ கேக்டஸ் தன் ஆயுளில் உதிர்க்கும் விதைகள் சுமார் 4 கோடி என்று கணக்கு. அவற்றில் பிழைத்து மரமாவது விரல்விட்டு எண்ணக்கூடியவை. பிழைப்பவை, நல்ல மழை பெய்த வருடத்தில், ஏதோ ஒரு புதரின் நிழலில் விழுந்த விதைகள். அந்தப் புதருக்கு "தாதிச் செடி" என்றே பெயர். தாதியின் மடியில் முதல் எட்டு வருடத்தில் சவாரோ வளரும் உயரம் ஓர் அங்குலம், மிஞ்சினால் ஒன்றரை. வெயிலைத் தாங்கும் தடித்த தோலும் முள்ளும் தண்ணீர்ச் சேமிப்பும் பிறவியிலேயே வருவதில்லை, மெதுவாகச் சம்பாதித்துக்கொள்பவை. வீட்டில் விதைப்பவர் செய்யவேண்டியது அந்தத் தாதியின் வேலையைத்தான்.

இட்லிப் பானையில் மண்

கேக்டஸ் விதைக்கு ஏற்ற சூடு 20 முதல் 30 டிகிரி, 25 சிலாக்கியம். 35-ஐத் தாண்டினால் பல வகைகள் முளைக்க மறுக்கும். ஆகவே சித்திரை, வைகாசி கூடாது. ஐப்பசி, கார்த்திகை வடகிழக்குப் பருவமழையின் காலம். காற்றில் ஈரமும் பூசணமும் அதிகம். காய்கறிக்கு ஆடிப்பட்டம் என்றால் இந்த வட்டாரத்தில் கேக்டஸுக்குத் தைப்பட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். அப்போது பகல் 30 டிகிரியைச் சுற்றியும் இரவு 20-ஐ ஒட்டியும் இருக்கும். ஐரோப்பியர்கள் இதற்காக மின்சாரத்தில் சூடேற்றும் தட்டுகளை வாங்குகிறார்கள். இங்கே தை மாதம் அதை இலவசமாகவே தருகிறது.

மண் கலவையில் மணல்தான் பிரதானம். கட்டட வேலையில் மிஞ்சிய ஆற்று மணலைச் சலித்து, கலங்கல் போகும்வரை நாலைந்து தண்ணீரில் அலசி, செங்கல் தூளும் கொஞ்சம் தென்னை நார்க்கழிவும் சேர்த்தால் போதும். தோட்டத்துச் செம்மண்ணை மட்டும் அப்படியே போடக்கூடாது, இறுகிவிடும். சாணம், மண்புழு உரம் எதுவும் இந்தக் கட்டத்தில் வேண்டாம். கலவையை ஈரமாக்கி அரைமணி நேரம் ஆவியில் வேகவைக்க வேண்டும். இட்லிப் பானையிலா மண்ணை வைப்பது என்று வீட்டில் எழும் கேள்வி நியாயமானது. ஓரங்கட்டிய பழைய பானை ஒன்று இருந்தால் குடும்பத்தில் அமைதி நிலவும். வேகவைக்காவிட்டால் மண்ணில் இருக்கும் களை விதை, பாசி, பூசணம் எல்லாம் கேக்டஸுக்கு முன்னால் எழுந்து நிற்கும்.

மூடியுள்ள தெளிவான பிளாஸ்டிக் டப்பாவுக்கு அடியில் துளையிட்டு, ஆறிய கலவையை இரண்டு அங்குலம் நிரப்பி, கொதித்து ஆறிய தண்ணீர் இருக்கும் தட்டில் வைத்தால் கீழிருந்து உறிஞ்சிக்கொள்ளும். தண்ணீரில் ஒரு சிட்டிகை பூசணக்கொல்லி கலப்பது வழக்கம். மேற்பரப்பு நனைந்ததும் எடுத்து வடியவிட்டு, விதைகளைத் தூவ வேண்டும். புதைக்கக் கூடாது. பெரும்பாலான கேக்டஸ் விதைகளுக்கு முளைக்க வெளிச்சம் வேண்டும். மண்ணை மூடினால் அவை தூங்கிக்கொண்டே இருக்கும். சில வகை விதை மூக்குப்பொடி போலிருக்கும். மின்விசிறியை நிறுத்திவிட்டுத் தூவுவது நல்லது. பிறகு மூடியைப் போட்டு, டப்பாவை முழுதாக ஒரு பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக் கட்டிவிடலாம். உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி, மூடியில் துளியாகி, மீண்டும் மண்ணுக்கே வரும். மாதக்கணக்கில் தண்ணீர் ஊற்றவேண்டியதில்லை.

டப்பாவுக்கு வெளிச்சம் வேண்டும், வெயில் ஆகாது. கிழக்கு ஜன்னலருகே வெயில் நேராகப் படாத இடம் உத்தமம். மூடிய பையின்மேல் அரைமணி நேரம் சூரியன் பட்டாலும் உள்ளே இருப்பது வெந்துவிடும்.

அஸ்ட்ரோபைட்டம் மூன்றாம் நாளே கண் திறந்துவிடும். மாமில்லேரியாவுக்கு ஒன்று, இரண்டு வாரம். சப்பாத்திக்கள்ளி வகைக்கு விதைத்தோல் கல்போல இருப்பதால் மாதங்கள்கூட ஆகலாம். உப்புத்தாளில் லேசாக உரசிவிட்டால் அவகாசம் குறையும். முளைத்தவற்றைப் பார்த்தால் கேக்டஸ் என்றே தோன்றாது. கடுகளவு பச்சை உருண்டை. உச்சியில் விதையிலைகளின் சிறு மேடு இரண்டு. நடுவில் சில நாள் கழித்துப் பூனை மீசை போல மிருதுவான முள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறவர்கள் அதன்பின் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டத் தொடங்குகிறார்கள். தினமும் பையைத் திறந்து பார்க்கும் ஆசைதான் நாற்றுகளுக்கு முதல் எமன். திறக்கும்போதெல்லாம் காற்றோடு பூசணமும் உள்ளே போகிறது. காலையில் நிமிர்ந்து நின்ற நாற்று மாலையில் கண்ணாடிபோல் கசிந்து சாய்ந்திருந்தால், அது நாற்றழுகல். சாய்ந்ததையும் சுற்றியிருக்கும் மண்ணையும் கரண்டியால் அள்ளி எறிந்துவிட்டு மருந்து தெளிக்க வேண்டும். ஒரு நாள் தள்ளிப்போட்டால் தட்டே காலி.

இரண்டு, மூன்று மாதம் கழித்துப் பையைத் திறப்பது ஒரு கலை. முதல் நாள் ஊசித் துளை, சில நாளில் ஓரத்தில் திறப்பு, பிறகு மூடி பாதி. தையில் விதைத்தவருக்கு இந்தக் கட்டம் பங்குனி, சித்திரையில் வரும். அக்கினி நட்சத்திரம் எதிரே நிற்கும். இங்கேதான் தெலுங்கு, தமிழ் நாட்டு மாடித் தோட்டக்காரர்களின் உழைப்பு வீணாகிறது. முதல் கோடையை வீட்டுக்குள் அல்லது பச்சை நிழல்வலைக்குக் கீழே, காலை இளவெயிலோடு கழிக்கவைத்தால் பிழைக்கும். நாற்று செங்கல் நிறமாக மாறினால் வெயில் அதிகம். ஒல்லியாக நீண்டுகொண்டே போனால் வெளிச்சம் குறைவு. பெரிய கேக்டஸைப்போல எண்ணி முதல் வருடத்தில் மண்ணைச் சுத்தமாகக் காயவிட்டால் அத்தோடு முடிந்தது. நாற்றுகள் ஒன்றையொன்று இடிக்கும்வரை பிரித்து நடவேண்டாம்; நெருக்கத்தில் நன்றாகவே வளரும். பிரிக்கும்போது ஈர்க்குச்சி போன்ற கருவி வேறில்லை. பெயரையும் தேதியையும் ஐஸ்கிரீம் குச்சியில் பென்சிலால் எழுத வேண்டும். பேனா மை ஒரே கோடையில் மறைந்துவிடும். பெயரில்லாத கேக்டஸுக்கு ஆர்வலர்களிடையே மதிப்பில்லை.

ஒரு வருடம் முடிந்தால் பட்டாணி அளவு.

மலையில் வெட்டியது, மாடியில் முளைத்தது

பட்டாணிக்கு ஒரு வருடமா என்று கேட்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்களால்தான் கேக்டஸ் இனமே இன்று ஆபத்தில் இருக்கிறது. 2015-இல் "நேச்சர் பிளான்ட்ஸ்" இதழில் வெளியான ஆய்வு 1,478 கேக்டஸ் வகைகளைப் பரிசீலித்து, அவற்றில் 31 சதவீதம் அழியும் அபாயத்தில் இருப்பதாகச் சொன்னது. விவசாயமும் கட்டடங்களும் ஒரு காரணம் என்றால், அலங்காரத்துக்காகச் செடிகளைப் பிடுங்கிக்கொண்டு போவது மற்றொன்று. சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் கடல் மூடுபனியை மட்டுமே குடித்து வளரும் கோபியாபோவா என்ற கேக்டஸ், உள்ளங்கை அளவாக வளரவே பல பத்தாண்டுகள் எடுத்துக்கொள்ளும். 2020-இல் இத்தாலியில் ஒரு வீட்டைச் சோதனை போட்ட போலீசாருக்கு அப்படிப்பட்ட செடிகள் ஆயிரத்துக்கும் மேல் கிடைத்தன. எல்லாம் காட்டிலிருந்து பெயர்த்தவை. அவற்றில் 844-ஐ அடுத்த ஆண்டு விமானத்தில் ஏற்றிச் சிலிக்குத் திருப்பியனுப்பினார்கள். நூறாண்டுச் செடிக்குத் தோலில் வெயிலும் மணலும் போட்ட வடு இருக்கும். சேகரிப்பவர்கள் விலை கொடுப்பது அந்த வடுவுக்கு. அதை எந்த நர்சரியாலும் செய்துதர முடியாது.

இதெல்லாம் எங்கோ நடப்பது என்று திருப்பதி வட்டாரத்தில் யாரும் சொல்லமாட்டார்கள். மெதுவாக வளரும் ஒரு தாவரத்துக்கு அவசரமான சந்தை ஏற்பட்டால் என்ன ஆகும் என்பதை இந்த மலை பார்த்திருக்கிறது. செம்மரம் இயற்கையாக வளர்வது சேஷாசலத்திலும் அதைச் சுற்றியுள்ள தென் ஆந்திர மலைகளிலும் மட்டுமே. வயிரம் பாய இரண்டு, மூன்று தலைமுறை எடுக்கும் மரத்தை ஓர் இரவில் வெட்டிச் சாய்க்கிறார்கள். வெட்டக் கூலிக்கு அழைத்துவரப்படுபவர்கள் பெரும்பாலும் திருவண்ணாமலை, தர்மபுரிப் பக்கத்து மலை கிராமங்களைச் சேர்ந்த ஏழைகள். 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீசார் சுட்டதில் 20 பேர் இறந்தார்கள், எல்லோரும் தமிழகத்துக்காரர்கள். தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது போலீஸ். போலி மோதல் என்றன மனித உரிமை அமைப்புகள். மரத்தை வாங்கியவர்கள் யாரும் அந்தக் காட்டில் இல்லை.

செம்மரத்துக்கும் விதை உண்டு. வட்டமாக, விளிம்பில் சிறகோடு, காற்றில் பறந்து விழும் தட்டையான காய். ஊறவைத்தால்தான் இளகும், முளைப்பது குறைவு. ஆனால் முளைக்கும். தனியார் நிலத்தில் பயிரிட்டு வளர்க்க முடிகிறது. அழிந்துவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கண்காணிக்கும் சைட்ஸ் அமைப்பு, செம்மரம் விஷயத்தில் இந்தியாவின்மேல் வைத்திருந்த தனிக் கண்காணிப்பை 2023 நவம்பரில் விலக்கிக்கொண்டது. பயிரிட்டவர்களுக்கு அது நல்ல சேதி. இதே மலைகளில் மட்டும் வளரும் ஈந்துபனை போன்ற சைகஸ் பெட்டோமி என்ற பழந்தாவரத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அதில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. ஆண் கூம்பை மருந்துக்கென்று வெட்டிக்கொண்டு போகிறார்கள். மகரந்தம் கிடைக்காமல் பெண் செடி விதை பிடிப்பதில்லை. விதையே இல்லாதபோது எதை விதைப்பது?

விதைத் தட்டு என்ன செய்யும் என்பதற்கு உருண்டையான ஓர் உதாரணம் பெரும்பாலான நர்சரிகளில் கிடைக்கிறது: தங்க முள்ளோடு பந்து பந்தாக அடுக்கிவைத்திருக்கும் கோல்டன் பேரல். ஐரோப்பியர்கள் அதற்கு "மாமியார் இருக்கை" என்று செல்லப்பெயர் வைத்திருக்கிறார்கள். மருமகள்கள் விஷயத்தில் உலகம் ஒன்றுதான் போலும். மெக்சிகோவில் அதன் தாயகப் பள்ளத்தாக்கின் ஒரு பகுதி 1990களில் சிமாபன் அணையின் நீரில் மூழ்கிப்போனது. காட்டில் அது அருகிவரும் இனம். தொட்டிகளிலோ லட்சக்கணக்கில் இருக்கிறது, அத்தனையும் விதையில் வந்தவை. மலிவாகக் கிடைப்பதைத் திருட யாரும் மலையேறுவதில்லை.

ஹரியாணா மாநிலம் பஞ்ச்குலாவில் 1987-இல் தொடங்கிய தேசியக் கேக்டஸ் தோட்டமும் இந்தத் திசையில் யோசித்தது. அதை உருவாக்கியவர் ஜே.எஸ். சர்காரியா என்ற ஆர்வலர். ஏழு ஏக்கரில் அமெரிக்கக் கேக்டஸ்களுக்குப் பக்கத்திலேயே இந்தியாவின் அருகிவரும் சதைப்பற்றுச் செடிகளுக்கும் இடம் கொடுத்தார்கள்; கள்ளிமுளையான் குடும்பத்துக்கு அங்கே தனி மரியாதை. சொந்த மலையில் மிதிபடும் செடியைப் பார்க்கச் சண்டிகர் பக்கம் போகவேண்டியிருப்பது ஒரு வேடிக்கை.

பூக்க எத்தனை வருடம்?

வகையைப் பொறுத்தது. ரெபுட்டியா இரண்டு, மூன்று வருடத்தில் பூத்துவிடும். ஆனால் அது குளிர் மலைக்காரி, திருச்சானூர் கோடை அதற்கு ஒத்துவராது. மாமில்லேரியாவுக்கு மூன்று, நான்கு. அஸ்ட்ரோபைட்டத்துக்கு ஐந்து என்று வைத்துக்கொள்ளலாம். கோல்டன் பேரலை விதைப்பவர் பதினைந்து, இருபது வருடம் காத்திருக்க வேண்டும், வீட்டில் எல்.கே.ஜி. போகும் பிள்ளை வேலைக்குப் போகும் சமயத்தில் பூக்கும். சவாரோ பூக்க 35 வருடம். அதன் முதல் கிளை வருவதற்குள் விதைத்தவர் இருக்கமாட்டார்.

முள்செடி வீட்டுக்கு ஆகாது என்று சொல்லும் உறவினர்கள் இந்த இடைவெளியில் நிறையப் பேர் வந்து போவார்கள். அதே உறவினர் வீட்டு வாசலில் திருஷ்டிக்காகக் கற்றாழை தலைகீழாகத் தொங்கும்.

பூத்துவிட்டால் அடுத்த வேலை தொடங்குகிறது. பெரும்பாலான கேக்டஸ்கள் தன் மகரந்தத்தைத் தானே ஏற்பதில்லை. ஒரே வகையில், வெவ்வேறு விதையில் வந்த இரண்டு செடிகள் ஒரே நேரத்தில் பூத்திருக்க வேண்டும். ஒரே செடியிலிருந்து ஒடித்து நட்ட இரண்டு துண்டுகள் எத்தனை பூத்தாலும் காய் பிடிக்காது. அவை இரண்டல்ல, ஒன்று. விதையில் வளர்த்தவருக்கு மட்டும் கிடைக்கும் வசதி இது. குழந்தைகள் படம் வரையும் மெல்லிய தூரிகையால் ஒரு பூவின் மஞ்சள் தூளைத் தொட்டு அடுத்த பூவின் நடுவில் தடவினால் தேனீயின் வேலை முடிந்தது. பகலில் வேலைக்குப் போகிறவர்களுக்குக் கொஞ்சம் சங்கடம். மாமில்லேரியா போன்றவை நல்ல வெயில் ஏறிய பிறகே முழுதாக விரியும். ஞாயிற்றுக்கிழமை பூத்தால் அதிர்ஷ்டம்.

வாரங்களோ மாதங்களோ கழித்து, முட்களுக்கு நடுவிலிருந்து சிவப்பாக, நீளமாக ஒன்று எட்டிப்பார்க்கும். மெக்சிகோவில் இந்தக் கனிக்குக் "குட்டி மிளகாய்" என்று பெயர். நம்மூர் ஊசி மிளகாயைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயரை விளக்கத் தேவையில்லை. காரம் இருக்காது, லேசான புளிப்பு. அணிலும் மைனாவும் பறித்துக்கொண்டு போவதற்குள் எடுத்துவிட வேண்டும். பிதுக்கினால் உள்ளே கடுகைவிடச் சிறியதாக, பழுப்பும் கறுப்புமாகப் பல டஜன் விதைகள். அதே தேநீர் வடிகட்டி, அதே குழாயடி. காய்ந்ததும் விபூதிப் பொட்டலம்போல் காகிதத்தில் மடித்து, பென்சிலால் பெயரும் தேதியும் எழுதி, ஃபிரிட்ஜ் கதவில் வைத்துவிடலாம். தை வரும்வரை அது அங்கே இருக்கட்டும். கொசுறாக ஒரு பொட்டலம் பக்கத்து வீட்டுக்கு.